இரங்கல் போதாது

2025 ஜனவரியின் பிற்பாதியில் ஒரு நாள் காலை, மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே கடலோரமாக நடந்துகொண்டிருந்தேன். சிற்பங்களைப் பார்ப்பதற்காக வெளியூரிலிருந்து வந்திருந்த நண்பர்கள் இருவர் உடனிருந்தனர். அரை மணி நேர நடையில் ஏழு கடலாமைகளைக் கண்டோம். ஏழும் பிணங்கள். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி, ஓட்டின் மேல் மணல் படிந்து கிடந்தன. காகங்களும் நாய்களும் தம் வேலையைத் தொடங்கியிருந்தன. படகோரம் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "என்ன ஆமைங்க ஐயா இது?" என்று கேட்டேன். தலை நிமிராமலே சொன்னார்: "பங்குனி ஆமை சார். பங்குனி வரைக்கும் இருந்து முட்டை வெச்சிட்டுப் போவும். இந்த வருஷம் தையிலயே கணக்கு முடிஞ்சுபோச்சு."

திரும்பும் வழியில் நண்பர்களில் ஒருவர், தமிழ் கற்பிப்பவர், பெருமூச்சுடன் சொன்னார்: "நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று சும்மாவா வைத்தான்!"

அந்த ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரைக்குக் காரணம். நண்பர் நல்ல வாசகர், ஈர நெஞ்சினர். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு கடற்கரை நம் கண்முன் அழியும்போது அதைத் திணை இலக்கணத்தின் ஓர் உதாரணமாக மாற்றி, அந்த அழகிய சோகத்தில் சற்று நேரம் திளைத்துவிட்டு, வண்டியேறி வீடு திரும்பும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்த ஆமைகள் விதியால் சாகவில்லை. அவற்றின் சாவுக்கு நாள்காட்டி இருக்கிறது, சட்டப் பிரிவு இருக்கிறது, பொறியியல் இருக்கிறது. அவற்றைப் பேசாமல் இரங்குவது, குற்றம் நடந்த இடத்தில் ஒப்பாரி வைத்துவிட்டுத் தடயத்தை மிதித்துச் செல்வதற்கு ஒப்பானது.

*

முதலில் நாள்காட்டி.

ஆங்கிலத்தில் 'ஆலிவ் ரிட்லி' எனப்படும் இந்த ஆமையைப் பங்குனி ஆமை என்றும் சிற்றாமை என்றும் நம் கடலோர மக்கள் அழைக்கிறார்கள். ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை, அதாவது தை முதல் பங்குனி வரை, பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அந்த மாதங்களில் அவை கரைக்கு அருகிலேயே கூட்டமாகத் திரியும். மீனைப் போல் அவற்றால் நீருக்குள் மூச்சுவிட முடியாது. நுரையீரல் கொண்டவை, மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் மணிக்கணக்கில் இழுபட்டால் மூச்சுத் திணறிச் சாகும். நாங்கள் பார்த்த பிதுங்கிய கண்களும் வீங்கிய கழுத்தும் அந்த மூச்சுத் திணறலின் அடையாளங்கள்.

தமிழகத்தின் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். சித்திரை முதல் நாளை ஒட்டித் தொடங்குகிறது. அதாவது பங்குனி முடிந்த கையோடு. ஆமையின் பெயரிலேயே அது வரும் காலம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலம் முடியும்வரை இழுவைப் படகுகளை ஓடவிட்டு, முடிந்த மறுநாள் படகுகளைக் கட்டிவைக்கச் சொல்கிறோம். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வகுக்கப்பட்ட காலம் அது என்பது உண்மை, அதன் பயனும் உண்மை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையில் வைக்கப்பட்ட ஓர் உயிருக்கு அந்த 61 நாட்களால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை.

ஆமைகளுக்கென்று வேறொரு காப்பு ஏட்டில் இருக்கிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டருக்குள், இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஒதுங்கிய ஆமைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து மைல் கோடு கடலில் உண்மையாகவே இருந்திருந்தால் இத்தனை பிணங்கள் ஒதுங்கியிருக்குமா? கடலுக்குள் கோடு போடுவது எளிது, காகிதத்தில்.

*

இந்த இடத்தில் இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கும் என்பதை அறிவேன். "மீனவர்களின் பேராசைதான் காரணம்" என்பது ஒன்று. பெரும்பாலும் நகரத்தின் கட்சி. "ஆமை பெரிதா, மனிதன் பெரிதா, மீனவன் வயிற்றில் அடிக்கிறீர்களா?" என்பது மற்றொன்று. இரண்டும் வரலாறு அறியாத கட்சிகள்.

'மீனவர்' என்று ஒற்றைச் சொல்லில் அடக்கத்தக்க கூட்டம் எதுவும் இல்லை. கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு மாறிய, செவுள் வலை வீசும் குப்பத்து மீனவர் ஒருவர். பல நாட்கள் கடலில் தங்கி அடிமட்டத்தைச் சீவி இழுக்கும் விசைப்படகு மற்றொன்று. இழுவை மீன்பிடிப்பு நம் கடலோரத்தில் தானாக முளைத்ததன்று. 1950களில் கேரளத்தில் இந்தோ-நார்வே திட்டத்தின் வழியாகத் தொடங்கிய இயந்திரமயமாக்கலை, இறால் ஏற்றுமதியின் அந்நியச் செலாவணிக்காக அரசுகளே கடனும் மானியமும் கொடுத்து வளர்த்தன. அதன் விளைவாக 1970களில் சிறுதொழில் மீனவர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் கடலில் மோதல்கள் வெடித்தன. அந்த மோதல்களின் பின்னணியில் பிறந்ததுதான் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். முதலில் மூன்று கடல் மைல் என்றிருந்த எல்லை பின்னர் ஐந்தாயிற்று.

ஆக, கரையோரக் கடலை இழுவை வலையிலிருந்து காக்க வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் எழுப்பியவர்கள் சூழலியலாளர்கள் அல்லர். கட்டுமரக்காரர்கள். அவர்கள் கேட்டது தங்கள் வலைக்காகவும் தங்கள் பிள்ளைகளின் மீனுக்காகவும். அதே கோடு ஆமையையும் காக்கிறது. ஆமைக்கும் சிறுதொழில் மீனவருக்கும் பகை மூட்டும் பேச்சு அனைத்தும் இந்த உண்மையை மறைத்துத்தான் நடக்கிறது. அந்தக் கோட்டை மீறுவது யாருக்கு லாபம், மீறலைக் காணாதிருப்பது யாருடைய வசதி என்று கேட்காமல் 'மீனவர்' என்று பொதுவில் சாடுவது அறியாமை அல்லது சூது.

இழுவை வலையில் பொருத்தத்தக்க ஆமை விலக்கிக் கருவி ஒன்றும் உண்டு. சாய்வான கம்பிச் சட்டம், அதன்மேல் ஒரு திறப்பு. மீனும் இறாலும் உள்ளே போகும், ஆமை வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்ற வடிவத்தை உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா 1990களில் சொன்னபோது, இந்தியா, தாய்லாந்து, மலேசியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998இல், அமெரிக்கா நாடுகளிடையே பாரபட்சம் காட்டியது என்று தீர்ப்பு வந்தது. வல்லரசின் இரட்டை வேடத்தை நாம் அம்பலப்படுத்தியது சரிதான். ஆனால் வென்ற பிறகு நம் விருப்பத்தின் பேரில் அந்தக் கருவியைப் பொருத்துவதற்கு யார் தடுத்தார்கள்? கடலில் பிடிக்கப்படும் இந்திய இறாலை இதே காரணத்துக்காக அமெரிக்கா 2019இல் மீண்டும் தடைசெய்தது. இருபதாண்டுகளுக்கு மேல் இறையாண்மை பேசினோம். சட்டத்தைப் பொருத்தவில்லை, இரு பொருளிலும்.

*

வலையிலிருந்து தப்பிய ஆமைக்கு அடுத்த கேள்வி, ஏறுவதற்குக் கரை எங்கே என்பது.

கரையை நாம் ஒரு கோடாகவே கற்பனை செய்கிறோம். வரைபடத்தில் நிலமும் நீலமும் பிரியும் இடம். உண்மையில் அது ஓர் ஓட்டம். தென்மேற்குப் பருவத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போனது அதிகம். நம் கிழக்குக் கரையின் மணல் ஒவ்வொரு துகளாக வடக்கு நோக்கி யாத்திரை போய்க்கொண்டே இருக்கிறது. நீங்கள் சென்ற ஆண்டு அமர்ந்த மணல் இந்த ஆண்டு அங்கே இல்லை. அதன் இடத்தில் தெற்கிலிருந்து வந்த வேறு மணல் இருக்கிறது, வழியில் யாரும் மறிக்காதிருந்தால்.

மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தன. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது. நாம் பெருமை பேசும் மெரினாவின் அகலம் அதன் விளைவு. வடக்கே, ராயபுரம் பக்கம், மணல் வரத்து நின்று கடல் ஊருக்குள் வந்தது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே நகரத்தின் மணற்கரை காணாமற்போய்க் கருங்கல் குவியல் மிஞ்சியது. நூறாண்டு இடைவெளியில் அதே பாடம், அதே தவறு.

செங்கல்பட்டுக் கரையில் இப்போது இதுவே சிறு சிறு அளவுகளில் நடக்கிறது. ஒரு குப்பத்தில் கடலரிப்பு என்றதும் கருங்கல் கொட்டி 'தூண்டில் வளைவு' அமைக்கிறார்கள். வீடிழக்கும் மக்கள் அதைக் கேட்பதில் குற்றமில்லை. வேறெதுவும் அவர்களுக்கு வழங்கப்படுவதில்லை. ஆனால் அந்த வளைவு தெற்கே மணலைப் பிடித்துவைத்து வடக்கேயுள்ள அடுத்த குப்பத்தைப் பட்டினி போடுகிறது. பிறகு அந்தக் குப்பம் கல் கேட்கிறது. பிறகு அதற்கடுத்தது. தூண்டில் என்ற பெயர் பொருத்தம்தான். ஒவ்வோர் ஊராக அதில் மாட்டுகிறது. 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், தமிழகக் கடற்கரையில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகக் கண்டது. ஆமை கருங்கல்லில் முட்டையிடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா?

மணலின் வரத்தையும் பாருங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தையும் தாண்டி, வாயலூரருகே பாலாறு கடலில் கலக்கிறது. வடக்கே நகரும் மணலுக்கு ஓர் ஆற்றின் கொடை அது. அந்த ஆற்றுப் படுகையைப் பல ஆண்டுகள் லாரி லாரியாக அள்ளிச் சென்னைக்குக் கட்டடங்களாக அனுப்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் மாளிகைச் சுவர்களில் இருப்பது, அந்த மாளிகைகளின் முன்னே கரையாக விரிந்திருக்க வேண்டிய மணல். இப்போது அந்த வீட்டுக்காரர்களே தங்கள் வாசலில் கடல் வந்துவிட்டதென்று கல் கொட்டுகிறார்கள்.

"கடற்கரைக் கோயிலைக் கல் கொட்டித்தானே காத்தோம்?" என்று கேட்கலாம். ஆம். ராஜசிம்மன் காலத்துக் கோயில் உலகில் ஒன்றுதான். அதற்கு ஒரு விதிவிலக்குத் தகும். ஆனால் விதிவிலக்கை விதியாக்கி, ஒவ்வொரு விடுதியின் புல்வெளிக்கும் நீட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பு அன்று. கோயிலுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து தோண்டியபோது முருகன் கோயில் ஒன்று மணலுக்கடியிலிருந்து வெளிவந்தது. பல்லவர் காலத்துக் கட்டுமானத்துக்கும் அடியில் அதனினும் பழைய செங்கல் தளம். கடல் பொங்கி அழித்த கோயில் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தக் கரை அசையும் கரை என்று மண்ணே சொல்கிறது. அருங்காட்சியகப் பெருமையாக அதை வாசிக்கிறோம், எச்சரிக்கையாக வாசிப்பதில்லை.

*

"சென்னைக்குக் குடிநீர் வேண்டாமா?" நெம்மேலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி, ஆகவே நேராக விடை சொல்கிறேன்.

நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அருகே பேரூரில் 40 கோடி லிட்டருக்கான நிலையத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல், உப்புச் செறிந்த கழிவாகக் கடலுக்கே திரும்புகிறது. முதல் நிலையத்தின் கட்டுமானத்துக்குப் பின் தங்கள் கரை அரிக்கப்பட்டதென்று சூளேரிக்காட்டுக்குப்பத்து மக்கள் முறையிட்டார்கள்.

இனி வடக்கே பாருங்கள். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதியைக் குப்பைக்கும் கட்டடத்துக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி பெற்று மகிழ்ந்தோம். அந்தச் சதுப்பில் தங்க இடமில்லாத மழைநீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தெற்கே, நெம்மேலியில், அதே கடலிலிருந்து நீரை இறைத்து, மின்சாரம் செலவிட்டு உப்பை நீக்கி, குழாய் வழியாக நகரத்துக்கு அனுப்புகிறோம். வானம் இலவசமாகத் தந்த நன்னீரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அதனிடமே திரும்ப வாங்கும் வணிகம் இது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும். அதனால்தான் ஏரியும் சதுப்பும் வேண்டும் என்கிறேன்.

சட்டமும் இதே திசையில்தான் நகர்ந்தது. ஊரகக் கடற்கரையில் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்றிருந்ததை, மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் 50 மீட்டராக 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை குறைத்தது. கடல் உயர்கிறது என்று உலகமே கணக்கிடும் காலத்தில் நாம் கடலை நோக்கி 150 மீட்டர் முன்னேறியிருக்கிறோம். விடுதிகளின் இரவு விளக்குகள் இப்போதே ஆமைக் குஞ்சுகளை ஏமாற்றுகின்றன. பொரித்ததும் வெளிச்சம் மிகுந்த திசையைக் கடலென்று நம்பி நடப்பது அவற்றின் இயல்பு. அவை சாலையை நோக்கி நடக்கின்றன. போதாக்குறைக்கு வெப்பம். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது குழியின் சூடு. மணல் சூடேறச் சூடேறப் பெண்களே பிறக்கும், இன்னும் ஏறினால் முட்டையே அவிந்துபோகும்.

*

நம்பிக்கைக்கு எங்கே போவது? வெகுதூரம் வேண்டாம், இதே செங்கல்பட்டுச் சீமைக்குள் இருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரர்கள் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798இல் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேசிடம் காவல் உரிமை எழுதி வாங்கினார்கள். பறவையின் எச்சம் ஏரி நீரில் கலந்து அவர்கள் வயலுக்கு உரமானது. அருளும் பொருளும் ஒன்றாயிருந்த ஏற்பாடு. சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவருகிறார்கள். காப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் இரவெல்லாம் பொரித்துவிடும் குஞ்சுகள் போய்ச் சேரும் கடலைக் காக்க வேண்டிய பொறுப்பு மட்டும் யாருடையதும் அல்லாமல் இருக்கிறது.

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. தை முதல் பங்குனி வரை ஐந்து மைல் எல்லையை மெய்யாகவே காவல் காக்கவேண்டும். மீறும் படகு எது என்ற கணக்கைப் பொதுவில் வைக்கவேண்டும். ஆமை விலக்கிக் கருவிக்கான செலவை, ஒரு காலத்தில் இழுவைப் படகுக்கு மானியம் தந்த அரசே ஏற்கவேண்டும். புதிய கல் கொட்டும்முன், வடக்கேயுள்ள அடுத்த குப்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசவேண்டும். முட்டைப் பருவத்தில் கடலை நோக்கிய விளக்குகளை அணைக்கவேண்டும். இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை.

இலக்கியம் வாசிக்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமல்லபுரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிற்பியும் இளவரசனும் 'சிவகாமியின் சபத'மும். கடலோர வாழ்வு என்றால் 'கடல்புரத்தில்', 'ஆழி சூழ் உலகு' என்று தென்கோடிக் கரைகள். இடைப்பட்ட இந்தக் கரையின் குப்பங்களை வார இறுதிச் சாலையின் ஓரக் காட்சியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நெய்தலைப் பாடியவர்கள் அதன் மீனையும் புன்னையையும் உப்பங்கழியையும் அறிந்திருந்தார்கள். அறிந்ததனால் பாடினார்கள். நமக்கு அந்தப் பாட்டுகள் தெரியும், கரை தெரியாது. அறியாத ஒன்றுக்காக இரங்குவது, முகம் தெரியாதவர் வீட்டுச் சாவில் அழுவது போன்றது. அழுகை உண்மையாகவே இருந்தாலும் இழப்பு நம்முடையதாக ஆவதில்லை.

அந்த முதியவர் இரங்கவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. கிழிசலைச் சரிசெய்துகொண்டே கணக்குச் சொன்னார். எந்த மாதம் வர வேண்டியது, எந்த மாதம் முடிந்தது என்று. நாமும் அங்கிருந்து தொடங்கலாம். அடுத்த தையில் மாமல்லபுரம் போகிறவர்கள் சிற்பங்களைப் பார்த்த பிறகு வடக்கே ஒரு மைல் நடந்து பாருங்கள். எண்ணிப் பாருங்கள். எண்ணியதை எழுதுங்கள்.